முகாமைத்துவம் முதலாம் ஆண்டு முடிகிறது: மேல் மாகாணத்திலிருந்து வந்தாறுமூலைக்கு மாற வழி உண்டா?

வெற்றிலைத்தோட்டம் எழுதியது (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் வணக்கம். எனது ஊர் மட்டக்களப்பு நகருக்குத் தெற்கேயுள்ள களுதாவளை. மேல் மாகாணத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறேன். முதலாம் ஆண்டின் இரண்டாம் அரையாண்டுப் பரீட்சை முடிந்து மூன்று வாரமாகிறது.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்களும் வியாழனும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். அம்மாவுக்கு முழங்கால் நோவு, பஸ் படியில் அப்பாவைத் தாங்கி ஏற்ற அவரால் முடியவில்லை. தம்பி இந்த வருடம் சாதாரண தரம். தொலைபேசியில் கேட்டால் இருவரும் "நீ படி, இங்கே எல்லாம் நடக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள். போன மாதம் வீட்டுக்குப் போனபோது தோட்டத்துக்குள் இறங்கிப் பார்த்தேன். பறிக்க ஆளில்லாமல் வெற்றிலை முற்றித் தடித்து, ஓரம் மஞ்சள் பிடித்துக் கொடியிலேயே நின்றது. அப்பா நடமாடிய காலத்தில் அப்படி ஓர் இலையைக்கூட விட்டுவைத்ததில்லை.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வணிக முகாமைத்துவ பீடத்துக்கு மாற முடியுமா? மாறினால் நான் படித்த முதலாம் ஆண்டு என்னவாகும்? மீண்டும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கச் சொல்வார்களா? யாருக்காவது நேரடி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

---

கல்லடிவாவி எழுதியது

தங்கச்சி, அப்பா விரைவில் தேற வேண்டும். நான் வந்தாறுமூலையில் இறுதி வருடம். இங்கே வந்து கேட்க அவசரப்பட வேண்டாம். நீங்கள் இப்போது படிக்கும் பீடத்தின் பீடாதிபதியிடம்தான் முதலில் பேச வேண்டும். எங்கள் அணிக்கு மாற விரும்பிய ஒருவர் நேராக இங்குள்ள அலுவலகத்துக்கு வந்து நின்றார். "உங்கள் பல்கலைக்கழகம் மூலம் வாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்டியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவர், அன்றிரவே திரும்பிப் போனார்.

---

பழைய பதிவேடு எழுதியது

மகள், நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவுப் பிரிவில் எழுதுநராக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். இடமாற்றக் கோப்புகள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். தெரிந்ததைச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

வெளிநாடுகள் பலவற்றில் ஒரு பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி மாணவரைச் சேர்த்துக்கொள்ளலாம். நம் நாட்டில் உள்வாரி மாணவர் அனுமதி அப்படியில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் உருவான பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதான் யார் எங்கே போவது என்று தீர்மானிக்கிறது. வர்த்தகப் பிரிவில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் ஒரு கணக்கில் எழுதப்பட்ட இடம். நீங்கள் எழுந்து போனால் அங்கே ஒன்று குறையும், இங்கே ஒன்று கூடும். அதனால்தான் அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம், ஆணைக்குழு ஆகிய மூன்று இடத்திலும் தலை அசைய வேண்டியிருக்கிறது. ஒரு கதவில் "ஆம்" கிடைத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துப் பெட்டி கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அனுமதிக் கைநூலையும், இடமாற்றம் பற்றி நடைமுறையில் உள்ள சுற்றறிக்கையையும் முதலில் எடுத்து வாசியுங்கள். நிபந்தனையும் காலக்கெடுவும் அதில் உள்ளபடிதான். என் ஞாபகமோ இங்கே மற்றவர்கள் எழுதுவதோ அதற்கு மேலே நிற்காது.

இனி விண்ணப்பம். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒருமுறை ஒரு பிள்ளை ஆறு பக்கம் எழுதிக் கொண்டுவந்தது. வாசிக்கும்போது கண் கலங்கியது, ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்த ஆண்டிலிருந்து என்று ஆறு பக்கத்திலும் இல்லை. அதைவிட வேதனை, இணைத்திருந்த வைத்தியச் சான்றிதழில் தகப்பனின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், வைத்தியச் சான்றிதழில் இன்னொரு பெயர். கோப்பு திரும்பியது. திருத்தி வருவதற்குள் அந்த ஆண்டின் பதிவு முடிந்துவிட்டது. நீங்கள் இன்றைக்கே அப்பாவின் சிகிச்சை அட்டையையும், அடையாள அட்டையையும், உங்கள் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பாயில் விரித்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அமைச்சரின் கடிதம், உறுப்பினரின் கடிதம் என்று அலைய வேண்டாம். சிறுநீரகச் சிகிச்சைப் பிரிவின் முத்திரை போட்ட ஒரு தாள் அவை எல்லாவற்றையும்விடப் பேசும்.

இன்னொன்று. தீர்மானக் கடிதம் கையில் வரும்வரை இப்போதுள்ள பல்கலைக்கழகத்தில் உங்கள் பதிவைக் கட்டாயம் புதுப்பியுங்கள். அதைக் கைவிட்டவர் இரண்டு கரையிலும் இல்லாமல் நிற்பார். மகாபொல புலமைப்பரிசில் கிடைப்பதாக இருந்தால், இடம் மாறும்போது கொடுப்பனவு சில மாதம் தடைப்படலாம் என்று எண்ணிக் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

---

நிந்தவூரான் எழுதியது

தங்கச்சி, ஒரு கேள்வி. ஏன் வந்தாறுமூலையை மட்டும் யோசிக்கிறீர்கள்? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, முகாமைத்துவ வர்த்தக பீடம் இருக்கிறது. களுதாவளையில் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் கல்முனை, காரைதீவு, நிந்தவூர் தாண்டி ஒலுவிலில் இறங்கிவிடலாம். பஸ் மாற வேண்டியதே இல்லை. வந்தாறுமூலைக்கு நீங்கள் மட்டக்களப்பில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, ஏறாவூர், செங்கலடி தாண்டிப் போக வேண்டும்.

முஸ்லிம் பிள்ளைகள் அதிகம் என்று தயங்கினால் தயங்க வேண்டாம். என் தங்கை அங்கேதான் படிக்கிறாள், அவளுடைய அறையில் இருப்பவர்களில் ஒரு பிள்ளை திருக்கோவில், ஒரு பிள்ளை பதுளை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர்கள் கஞ்சி காய்ச்சுகிறார்கள். வாப்பா போன நோன்பில் திருக்கோவில் பிள்ளையையும் வீட்டுக்குக் கூப்பிட்டு இப்தார் கொடுத்தார்.

---

வெற்றிலைத்தோட்டம் எழுதியது

பதிவேடு ஐயா, நன்றி. நீங்கள் சொன்னபடி தம்பியைப் பார்க்கச் சொன்னேன். சிகிச்சை அட்டையில் அப்பாவின் முதற்பெயர் மட்டும்தான் இருக்கிறது, தாத்தாவின் பெயர் இல்லை. நாளைக்கே திருத்தக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

நிந்தவூர் நானா, தயக்கம் எதுவும் இல்லை. ஒலுவிலை நான் யோசிக்காததற்குக் காரணம் ஆஸ்பத்திரி. ஒலுவில் எனக்குத் தெற்கே, ஆஸ்பத்திரி வடக்கே. வந்தாறுமூலைக்குப் போவதானால் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே வருகிறது. காலையில் அப்பாவைக் கூட்டிப் போய் விட்டுவிட்டு, நான் விரிவுரைக்குப் போய், திரும்பும்போது கூட்டி வரலாம் என்று மனதில் ஒரு கணக்கு.

---

செங்கலடிச்சந்தி எழுதியது

அந்தக் கணக்கைத்தான் இன்னொருமுறை போட்டுப் பாருங்கள் என்று சொல்ல வந்தேன். கடுமையாக எழுதுவதாக நினைக்க வேண்டாம், நானும் வந்தாறுமூலையில் படித்து வெளியேறியவன்தான், அம்மாவை இதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு திரிந்தவன்.

மூன்று கிரெடிட் பாடம் என்றால் (கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் காட்டும் அலகு) அரையாண்டில் 15 வாரம், வாரம் மூன்று மணி, மொத்தம் 45 மணி விரிவுரை. பரீட்சைக்கு இருக்க 80 வீத வரவு கேட்பார்கள். அதாவது 36 மணி இருந்தாக வேண்டும், 9 மணிதான் விடலாம். வியாழக்கிழமை காலையில் ஒரு பாடம் விழுந்து, ஒவ்வொரு வியாழனும் நீங்கள் ஆஸ்பத்திரியில் நின்றால், நான்காவது வாரத்திலேயே அந்தப் பாடத்துக்கு வரவு போய்விடும். மேல் மாகாணத்தில் இருந்தாலும் வந்தாறுமூலையில் இருந்தாலும் 80 வீதம் 80 வீதம்தான்.

சுத்திகரிப்பு முடிந்தவுடன் ஆள் எழுந்து நடக்கும் நிலையில் இருப்பாரா? என் அம்மாவுக்கு முதல் அரை மணி நேரம் தலை சுற்றும், சில நாள் இரத்த அழுத்தம் இறங்கிவிடும். அந்த நேரம் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். நீங்கள் பாடத்திலிருந்து ஓடி வரும்வரை யார் நிற்பார்? இதற்கு விடை கண்டுவிட்டு விண்ணப்பியுங்கள். விடை இல்லாமல் மாறினால் பல்கலைக்கழகம் மாறியிருக்கும், பிரச்சினை அப்படியே கூட வந்திருக்கும்.

---

கல்லடிவாவி எழுதியது

சந்தி அண்ணன் சொல்வது சரி. ஆனால் எல்லாப் பாரத்தையும் ஒரு பிள்ளையே சுமப்பதாக ஏன் கணக்குப் போட வேண்டும்? களுதாவளையில் சித்தப்பா, மாமா, மச்சாள் என்று யாரும் இல்லையா? வியாழன் ஒரு நாளுக்கு ஆள் கிடைத்தாலே பாதி தீர்ந்தது. சுத்திகரிப்பு நேரத்தைக் காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றித் தர முடியுமா என்று தாதியிடம் கேட்டுப் பாருங்கள். நேரசூசி வந்த பிறகு கேட்பது இன்னும் நல்லது.

---

மீராகேணி எழுதியது

நான் வேறு பாதையில் வந்தவள். கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றில் ஐக்கிய இராச்சியப் பட்டம் ஒன்றைத் தொடங்கி, ஒரு வருடம் கழித்து வேறொரு நிறுவனத்துக்கு மாறினேன். அரச பல்கலைக்கழக விதிகள் எனக்குப் பொருந்தாது. ஆனால் வணிகப் பாடங்களில் எது கூட வரும், எது வராது என்பது எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதை மட்டும் எழுதுகிறேன்.

நிதிக் கணக்கீடு வரும். 2012 முதல் நமது கணக்கீட்டு நியமங்கள் சர்வதேச நியமங்களைத் தழுவியே போகின்றன, ஆகவே இங்கே படித்தாலும் அங்கே படித்தாலும் ஐந்தொகை ஐந்தொகைதான். நுண்பாகப் பொருளியல், வணிகக் கணிதம், புள்ளிவிபரவியல், முகாமைத்துவத் தத்துவங்கள் எல்லாம் வரும். சட்டமும் வரியும் மட்டும் நாட்டோடு ஒட்டிக்கொள்ளும். நான் படித்தது அங்குள்ள 2006ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம். நமக்கு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். பங்குடைமைக்கு நாமும் ஆங்கிலேயரின் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம், பொருள் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அதுவும் அவர்களுடையதைப் பார்த்து எழுதியது. ஆகவே அரைவாசி தெரிந்திருந்தது, அரைவாசியைப் புதிதாகப் படித்தேன். வருமான வரியை முழுவதுமாகப் புதிதாகப் படித்தேன்.

உங்களுக்கு நாட்டுக்குள்ளேயே மாற்றம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு வரக்கூடியது வரிசைத் தொல்லை. ஒரு பீடம் முதலாம் ஆண்டில் வைத்திருக்கும் பாடத்தை இன்னொரு பீடம் இரண்டாம் ஆண்டில் வைத்திருக்கும். அப்போது ஒரு பாடத்தை இருமுறை படிப்பீர்கள், ஒரு பாடத்தைப் படிக்காமலே மேலே ஏறியிருப்பீர்கள்.

---

பனிக்காற்று எழுதியது

ஆரையம்பதியில் பிறந்து இப்போது கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறேன். இங்கே இரண்டு வருடம் கல்லூரியில் வணிகம் படித்துவிட்டு மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுவது வழமையான பாதை. 1989 முதல் இந்த மாகாணத்தில் அதற்கென்றே ஒரு சபை இருக்கிறது. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று அது பட்டியல் வைத்திருக்கிறது, மாறுவதற்கு முன்னரே மாணவர் பார்த்துக்கொள்ளலாம். என் மகன் அப்படித்தான் மாறினான், ஒரே ஒரு பாடம்தான் விடுபட்டது.

நம் ஊரில் அந்தப் பட்டியலை நீங்களே எழுத வேண்டும். 2012இல் வந்த இலங்கைத் தகைமைச் சட்டகம் அதற்குப் பொது அளவுகோல் ஒன்றைத் தந்திருக்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு விரிவுரையும் சொந்தப் படிப்பும் சேர்த்து 50 மணி நேரக் கற்றல், சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட், ஆண்டுக்கு 30. இரண்டு பல்கலைக்கழகமும் அதே கோலால் அளக்கின்றன. ஆகவே இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாடத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் கிரெடிட்டையும் வாரவாரியான உள்ளடக்கத்தையும் பார்த்து எழுதுங்கள். பீடச் சபையில் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கப் போகும் விரிவுரையாளர் செய்ய வேண்டிய வேலை அது. அதை நீங்கள் செய்து கொடுத்தால் அவர் சரிபார்த்தால் போதும்.

---

பெயர் வேண்டாம் எழுதியது

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் மாற வேண்டும். காரணம் பகிடிவதை. அதை விண்ணப்பத்தில் எழுதலாமா?

---

பழைய பதிவேடு எழுதியது

தம்பி, அதை முதலில் இடமாற்ற விண்ணப்பத்தில் எழுத வேண்டாம், முறைப்பாடாக எழுதுங்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி பகிடிவதை குற்றம், சிறைத்தண்டனை வரை போகும். மாணவ ஆலோசகரிடமும் பதிவாளரிடமும் எழுத்தில் கொடுத்துப் பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். பயமாக இருந்தால் வீட்டில் ஒருவரைக் கூட்டிப் போங்கள். உடம்பில் கை வைத்திருந்தால் இன்றைக்கே பொலிசுக்குப் போங்கள். மாறுவதைப் பிறகு பார்க்கலாம். குற்றம் செய்தவன் அங்கேயே இருக்க நீங்கள் ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை. எதுவாயினும் இரவில் தனியே இருந்து யோசிக்க வேண்டாம், இங்கே எழுதுங்கள், நான் விழித்திருப்பேன்.

---

வெற்றிலைத்தோட்டம் எழுதியது (பன்னிரண்டு நாளுக்குப் பின்)

பனிக்காற்று அண்ணன் சொன்ன வேலையைச் செய்து முடித்தேன். விடுதி அறையில் கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு, இரண்டு கைநூலின் போட்டோப்பிரதியையும் தரையில் விரித்தேன். பொருந்துவதற்குப் பச்சைப் பென்சில், சந்தேகத்துக்குச் சிவப்பு. மூன்று இரவு எடுத்தது. "வணிகச் சூழல்" என்று ஒரே பெயரில் இரண்டு பாடம் இருந்தன, உள்ளே பார்த்தால் பாதிதான் ஒன்று. பெயர் வேறாக இருந்த இரண்டு பாடங்கள் உள்ளே ஏறக்குறைய ஒரே பாடம். பெயரை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு இடத்திலும் பிழை விட்டிருப்பேன். பச்சை நிறையவே இருக்கிறது, சிவப்பு மூன்று.

ஒரு சந்தேகம். எனது முதலாம் ஆண்டுச் சராசரித் தரப்புள்ளி 3.45. மாறினால் அது கூட வருமா, பாடம் மட்டும் விலக்களிக்கப்படுமா?

---

செங்கலடிச்சந்தி எழுதியது

இதை எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் விட வேண்டாம். ஆனால் உங்களுக்கு அதில் பெரிய நட்டம் வராது. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 வேண்டும். 120 கிரெடிட்டுக்கு 3.30 என்றால் மொத்தம் 396. உங்கள் கையில் 30 கிரெடிட்டுக்கு 103.5 இருக்கிறது. மிச்சம் 292.5ஐ 90 ஆல் பிரித்தால் 3.25. புள்ளி உங்களோடு வந்தால் இனி 3.25 எடுத்தால் போதும், வராவிட்டால் 3.30 எடுக்க வேண்டும். அந்த 0.05க்காகத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். சிவப்புப் போட்ட மூன்று பாடத்துக்காக யோசியுங்கள், அது நேரத்தைத் தின்னும்.

---

கல்லடிவாவி எழுதியது

என் கீழ் அணியில் கம்பஹாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை இருக்கிறாள், முதலாம் ஆண்டு. அவளுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். ஐயா, இருவரும் இடம் மாறிக்கொள்வதாக விண்ணப்பித்தால் எளிதாகுமா?

---

பழைய பதிவேடு எழுதியது

ஒரே கற்கைநெறி, ஒரே ஆண்டு என்றால் இரு பக்கமும் எண்ணிக்கை குலையாது, பார்ப்பவருக்கும் மனம் இலகும். சுற்றறிக்கையில் அதற்கு என்ன நிபந்தனை என்று இருவரும் சேர்ந்து வாசியுங்கள். ஒருவருடைய விண்ணப்பத்தில் மற்றவருடைய பெயரும் பதிவிலக்கமும் இருக்க வேண்டும், ஒரே நாளில் இரண்டும் போக வேண்டும். ஒன்று மேசையிலும் ஒன்று வழியிலும் இருந்தால் முதலாவது தூங்கிவிடும்.

---

வெற்றிலைத்தோட்டம் எழுதியது (ஐந்து வாரத்துக்குப் பின்)

எல்லோரும் கேட்டிருந்தீர்கள், தாமதத்துக்கு மன்னியுங்கள். பீடாதிபதி பரிந்துரை தந்துவிட்டார். பாட ஒப்பீட்டுத் தாளைப் பார்த்துவிட்டு "இதை யார் செய்து தந்தது?" என்று கேட்டார். நானே செய்தேன் என்றேன். இரண்டு நிமிடம் பேசாமல் புரட்டினார், பிறகு கையொப்பம் வைத்தார். கம்பஹாப் பிள்ளையின் விண்ணப்பமும் அதே நாளில் போயிருக்கிறது. திங்கட்கிழமைக்குச் சின்ன மாமா வருவதாக ஏற்றுக்கொண்டார். தாதியம்மா வியாழனைப் பிற்பகலுக்கு மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார், ஆகவே வியாழன் காலை என்னுடையது. தம்பியின் பரீட்சை முடிந்ததும் அவன் எடுத்துக்கொள்வான்.

போன வியாழன் நான் ஊரில்தான் நின்றேன். சந்தி அண்ணனின் கேள்வி மனதில் குத்திக்கொண்டே இருந்ததால் வழியை நடந்தே பார்த்துவிடத் தீர்மானித்தேன். காலையில் அப்பாவைப் படுக்கையில் விட்டு, ஊசி ஏற்றும்வரை நின்றுவிட்டு, பஸ் பிடித்து வந்தாறுமூலை போனேன். பீடத்து வாசலைத் தொட்டுவிட்டு, கல்லடிவாவி அக்கா வாங்கித் தந்த தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். நான் உள்ளே வந்தபோது இயந்திரத்தில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பாடம் ஒன்றில் உட்கார்ந்திருந்தால் நிச்சயம் தாமதித்திருப்பேன். ஆகவே வியாழனுக்கு அம்மாவும் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும், பஸ்ஸில் ஏற்றி இறக்குவது நான். அப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம்.

ஊசி கழற்றிய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டு இருக்கும்போது அப்பா கேட்டார், "எவ்வளவு தூரம் போய் வந்தாய்?" சொன்னேன். "கிட்டத்தானே" என்றார்.

தீர்மானம் வந்ததும் எழுதுகிறேன்.

---

பழைய பதிவேடு எழுதியது

பதிவுத் தபால் பற்றுச்சீட்டைக் கோப்பின் முதல் தாளில் ஒட்டி வையுங்கள், மகள். மை மங்கிவிடும், இன்றைக்கே ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள்.